பையனுக்கு 45-க்கு 29: கேம் அடிமைத்தனத்தை அளக்கும் கேள்வித்தாளை எவ்வளவு நம்பலாம்?

முல்லைக்கொடி · ஞாயிறு இரவு 9:40

என் மகன் எட்டாம் வகுப்பு. போன வாரம் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்பதில் தொடங்கி ‘மிக அடிக்கடி’ வரை ஐந்து கட்டம், 1 முதல் 5 மதிப்பெண். மொத்தம் 45. இவன் வாங்கியது 29. வெள்ளிக்கிழமை டைரியில் ஒரு சீட்டு ஒட்டி வந்தது: ‘கேம் அடிமைத்தனம், அதிக ஆபத்து. பெற்றோர் ஆலோசகரைச் சந்திக்கவும்.’ அடியில் பொடி எழுத்தில், 20-க்கு மேல் போனால் ஆபத்து என்று போட்டிருந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நேற்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்டேன்.

‘கேமுக்காக மற்ற பொழுதுபோக்கில் ஆர்வம் போய்விட்டதா?’ இதற்கு 4. கிரிக்கெட் விளையாடுவதை நிறுத்திவிட்டான், உண்மைதான். ஆனால் தெரு முனையில் இருந்த காலி மனையில் போன வருஷம் அடுக்குமாடி வந்துவிட்டது. விளையாட இடம் ஏது?

‘மனக்கஷ்டத்தை மறக்க விளையாடுகிறாயா?’ இதற்கும் 4. கார்த்திகையில் அவன் தாத்தா தவறிவிட்டார். அதற்கு முந்தின மாதம்தான் கூடவே திரிந்த சிநேகிதன் வேறு ஊருக்குப் போனான். இரண்டு பேரும் சாயங்காலம் ஃப்ரீ ஃபயரில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

‘வீட்டில் ஏமாற்றினாயா?’ 4. அவன் அப்பாவுக்கு கேம் என்ற சொல்லே ஆகாது. அதனால் மறைக்கிறான்.

‘படிப்பு, உறவு கெட்டதா?’ இதற்கு 1. மார்க் குறையவில்லை, நானும் பார்த்துவிட்டேன்.

மிச்சத்தில், ‘எப்போதும் கேம் நினைப்பா’ என்பதற்கு 4, மற்ற நான்குக்கும் 3. கூட்டினால் 29. செவ்வாய்க்கிழமை ஆலோசகரைப் பார்க்கப் போகிறேன். இந்த 29 என்பது என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவன் விளையாடுவதே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. தினமும் இரண்டு மணி நேரம், லீவு நாளில் நான்கு.

ஆற்றுப்படுத்துநர் · ஞாயிறு இரவு 10:25

அம்மா, முதலில் சாப்பிட்டுத் தூங்குங்கள். நான் பதினோரு வருடமாக வளரிளம் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பாண்டஸ், கிரிஃபித்ஸ் என்ற இருவர் 2015-ல் வெளியிட்ட ஒன்பது கேள்வி அளவுகோலின் ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு. அந்த ஒன்பதும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேட்டிலிருந்து வந்தவை. 2013-ல் வந்த அந்தக் கையேடு ‘இணைய கேமிங் கோளாறு’ என்பதை உறுதியான நோய்ப் பட்டியலில் வைக்கவில்லை. இன்னும் ஆராய வேண்டியவை என்ற பின்பகுதியில் வைத்தது. ஒன்பது அறிகுறியில் குறைந்தது ஐந்து ஒரு வருட காலத்தில் இருக்க வேண்டும், வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது.

முக்கியமான விஷயம் இதுதான். அளவுகோலை உருவாக்கியவர்கள் ஆய்வுக்குச் சொன்ன வழி, ‘மிக அடிக்கடி’ என்ற ஐந்தாம் கட்டத்தில் எத்தனை கேள்விக்கு டிக் விழுந்திருக்கிறது என்று எண்ணுவது. ஐந்து கேள்விக்காவது விழ வேண்டும். உங்கள் பையன் ஒன்றுக்குக்கூட 5 போடவில்லை. அந்தக் கணக்கில் அவனுக்குப் பூஜ்யம்.

20 எங்கிருந்து வந்தது என்று பள்ளியில் கேளுங்கள். வெவ்வேறு நாட்டு ஆய்வாளர்கள் அவரவர் மாதிரியை வைத்து வெவ்வேறு வெட்டுப்புள்ளி, அதாவது எத்தனைக்கு மேல் போனால் ஆபத்து என்ற கோடு, சொல்லியிருக்கிறார்கள். ஓர் ஊரில் சொன்ன எண்ணை இன்னோர் ஊர்ப் பிள்ளைக்கு அப்படியே போடக் கூடாது.

கணக்குப்பிள்ளை · ஞாயிறு இரவு 11:02

ஒரு சின்னக் கூட்டல். ஒன்பது கேள்விக்கும் நடுக்கட்டமான ‘சில நேரம்’ போட்டால் 27. விளையாடுகிற எந்தப் பிள்ளையும் ‘சில நேரம்’ என்று சொல்லக்கூடிய கேள்விகள்தான் பாதி. அப்படிச் சொன்னாலே 20-ஐத் தாண்டிவிடும்.

இதே கோளாறு வேறு அளவுகோலிலும் உண்டு. நெதர்லாந்தில் லெமன்ஸ் குழு 2009-ல் வெளியிட்ட ஏழு கேள்வி அளவுகோலில், ‘சில நேரம்’ என்றாலே அந்த அறிகுறி இருப்பதாகக் கணக்கு. ஏழுக்கும் ஆம் வந்தால்தான் அடிமை என்று வைத்தால் சுமார் 2 சதவீதம் பிள்ளைகள் சிக்கினார்கள். ஏழில் நான்கு போதும் என்றதும் 9 சதவீதத்துக்குப் பக்கம் போனது. பிள்ளைகள் அதே பிள்ளைகள், பதில்களும் அதே பதில்கள். கோட்டை மட்டும் நகர்த்தினார்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். ஒரு கேள்வித்தாள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (எந்தக் கேம் கேள்வித்தாளும் அவ்வளவு சரியாகச் சொல்லும் என்று நான் நம்பவில்லை.) ஆயிரம் பிள்ளைகள். உண்மையில் சிக்கலில் இருப்பவர்கள் பத்துப் பேர். அவர்களில் ஒன்பது பத்துப் பேரைத் தாள் பிடித்துவிடும். மிச்சம் 990 பேரில் ஐந்து சதவீதம் தவறாக மாட்டுவார்கள், அதாவது ஐம்பது பேர். மொத்தம் அறுபது டைரியில் சீட்டு ஒட்டுவீர்கள், அதில் ஐம்பது தப்பான வீட்டுக்குப் போகும். அபூர்வமான ஒன்றை ஊர் முழுக்கத் தேடினால் இப்படித்தான் ஆகும்.

வடகரை · திங்கள் காலை 6:50

படித்தேன். எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள் என்று தெரிகிறது. என் வீட்டுக் கதையையும் கேளுங்கள்.

என் தம்பி பொறியியல் இரண்டாம் வருடம். விடுதியில் மூன்று மாதம் வகுப்புக்கே போகவில்லை. எங்களுக்குத் தெரியாது. போய்க் கூட்டி வந்தபோது பதினொரு கிலோ இளைத்திருந்தான். பகலில் தூக்கம், விடிய விடிய கேம். சாப்பாட்டுத் தட்டு கட்டிலுக்கு அடியில் பூசணம் பூத்துக் கிடந்தது. போனை வாங்கிய அன்று அம்மாவைத் தள்ளிவிட்டான். அம்மா மணிக்கட்டு முறிந்தது.

‘அது நோயே இல்லை, பொழுதுபோக்கைப் பூதாகரமாக்குகிறார்கள்’ என்று சொல்கிற ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். கேள்வித்தாள் மோசம் என்று சொல்லிச் சொல்லியே, ஒன்றுமே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை · திங்கள் காலை 7:30

அண்ணா, ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை, அப்படித் தொனித்திருந்தால் மன்னியுங்கள். ஒன்று கேட்கலாமா? உங்கள் தம்பிக்கு அப்போது யாராவது இந்த மாதிரித் தாள் கொடுத்தார்களா?

வடகரை · திங்கள் காலை 8:15

கொடுத்தார்கள். கூட்டிப்போன முதல் இடத்தில் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’, ‘எப்போதாவது’ என்று போட்டான். ‘பெரிதாக ஒன்றும் இல்லை, வயசுக் கோளாறு’ என்று அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதம் வீணானது. இரண்டாவது இடத்தில் மருத்துவர் அவனைத் தனியாகவும் எங்களைத் தனியாகவும் உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் பேசினார். அங்கேதான் விஷயம் வெளியே வந்தது.

எழுதும்போதுதான் உறைக்கிறது. அந்தத் தாளை நம்பியதால்தான் நாங்களும் ஏமாந்தோம்.

ஆற்றுப்படுத்துநர் · திங்கள் காலை 9:05

வடகரை சொன்னதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். மிக மோசமான நிலையில் இருக்கும் பிள்ளை, தன் கைப்பேசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று தெரிந்து மறைக்கும். பயந்த சுபாவமுள்ள நல்ல பிள்ளை, நாம் தப்பு செய்கிறோமோ என்று எண்ணி எல்லாவற்றுக்கும் ஆம் என்று போடும். முன்னதன் மதிப்பெண் தாழ்ந்து நிற்கும், பின்னது உயர்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது. 2019-ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது கேட்பது மூன்றுதான்: விளையாட்டின் மேல் கட்டுப்பாடு போய்விட்டதா, மற்ற எல்லாவற்றையும் விட அதற்கே முதலிடமா, கெடுதல் வந்த பிறகும் தொடர்கிறதா. இவற்றால் குடும்பம், படிப்பு, வேலை பெரிதாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், வழக்கமாக ஒரு வருட காலமாவது. உங்கள் தம்பிக்கு இத்தனையும் பொருந்தும், கேள்வித்தாள் என்ன சொன்னாலும்.

நிகண்டு · திங்கள் மதியம் 1:40

எம்.ஃபில். சமயத்தில் இப்படியொரு அளவுகோலைத் தமிழில் பெயர்த்து, பின் வேறொருவரை வைத்து ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பெயர்த்துச் சரிபார்த்தவள் நான். ‘வீட்டில் ஏமாற்றினாயா’ என்ற அந்த ஏழாவது கேள்வியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

முதல் வரைவில் ‘ஏமாற்றியிருக்கிறாயா’ என்று போட்டோம். முன்னோட்டத்தில் இருபது பையன்களுக்குக் கொடுத்தபோது அநேகமாக எல்லாரும் ‘ஒருபோதும் இல்லை’. ஏமாற்றுவது என்றால் நம் பிள்ளைகளுக்குப் பணத்தை அடிப்பது, துரோகம் பண்ணுவது. ‘பொய் சொல்லியிருக்கிறாயா’ என்று மாற்றினோம். கொஞ்சம் ஏறியது. ‘எவ்வளவு நேரம் விளையாடினாய் என்பதை வீட்டில் மறைத்திருக்கிறாயா’ என்றதும் பாதிக்கு மேல் தலையாட்டினார்கள். ஒரு சொல்லை மாற்றினால் நோயாளி எண்ணிக்கையே மாறுகிறது என்று அன்று கண்ணால் பார்த்தேன்.

‘அடிக்கடி’, ‘மிக அடிக்கடி’ இன்னொரு தலைவலி. ஒரு பையன் எழுந்து, ‘மிஸ், தினமும் விளையாடினா எதுல போடணும்?’ என்றான். இன்னொருவன், ‘தினமும்னா அது வழக்கம் மிஸ், அடிக்கடின்னு எப்படிச் சொல்றது?’ என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்புறம் ‘கேம்’ என்ற சொல். ஒரு பிள்ளை செஸ்ஸை நினைத்துக்கொண்டு பதில் போட்டது. இன்னொன்று அப்பா ஆடும் ஆன்லைன் ரம்மியை நினைத்துக்கொண்டு. சூதாட்டம் வேறு, கேம் வேறு. ஐசிடி-11-ல் இரண்டுக்கும் தனித்தனி எண். ஆனால் பழைய கேள்வித்தாள்கள் பலவும் சூதாட்ட நோய்க்கான பட்டியலை எடுத்து, சூது என்ற இடத்தில் கேம் என்று மாற்றிப் போட்டவைதான். சூதில் இன்னும் அதிகப் பணம் வைத்தால்தான் கிளர்ச்சி வரும் என்பது நோயின் அறிகுறி. கேமில் இன்னும் அதிக நேரம் என்பது, புது லெவல் வந்திருக்கிறது என்பதாகவும் இருக்கலாம்.

பட்டறிவு · திங்கள் மாலை 5:20

நானும் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியர். இந்தத் தாளைக் கொடுத்து வாங்குகிற ஆள். எங்கள் தரப்பையும் கேளுங்கள்.

நானூற்றுச் சொச்சம் பிள்ளைகள். ஆலோசகர் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வருகிறார். ஒவ்வொரு பிள்ளையோடும் ஒன்றரை மணி நேரம் பேச வேண்டும் என்றால் இரண்டு கல்வியாண்டு போதாது. தாள் இல்லாமல் யாரை முதலில் கூப்பிடுவது? சத்தம் போடுகிறவனையா? அப்போது சத்தமில்லாமல் அழிகிறவன் விட்டுப்போவான். குறைந்தபட்சம் ஒரு சல்லடை வேண்டாமா?

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். கடைசி பெஞ்சில் மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒன்பதுக்கும் 5 போட்டதை நான் பார்த்தேன். தாளை வாங்கினேன், ஒன்றும் சொல்லவில்லை. அவை கணக்கில் சேர்ந்துவிட்டன.

ஆற்றுப்படுத்துநர் · திங்கள் மாலை 6:10

சார், சல்லடை என்று நீங்கள் சொன்னதோடு எனக்கு முழுச் சம்மதம். சலித்த பிறகு மேலே நிற்பதை அப்படியே குப்பை என்று எழுதிக்கொடுப்பதில்தான் என் சண்டை. டைரிச் சீட்டில் ‘அதிக ஆபத்து’ என்பதற்குப் பதில் ‘உங்கள் பிள்ளையோடு ஒரு முறை பேச விரும்புகிறோம்’ என்று இருந்திருந்தால் இந்த அம்மா தூக்கம் கெட்டிருக்க மாட்டார்.

குறிஞ்சிப்பூ_24 · திங்கள் இரவு 8:45

நான் ஆடுபவன். 24 வயது, வேலையில் இருக்கிறேன். தினமும் இரண்டு மூன்று மணி நேரம். கேள்வி ஒன்று, ‘நாள் முழுக்க கேம் நினைப்பாக இருக்கிறதா?’ இருக்கிறது. என் மாமா கச்சேரிப் பைத்தியம், மார்கழி முழுக்க அவருக்கும் அதே நினைப்புதான்.

சார்ல்டன், டான்ஃபோர்த் என்ற இருவர் 2007-ல் ஓர் ஆன்லைன் கேம் ஆடுபவர்களை வைத்து இதைத்தான் பிரித்துக் காட்டினார்கள். நினைப்பு, கிளர்ச்சி, நேரம் கூடுவது எல்லாம் ஆழ்ந்து ஈடுபடுகிறவர்களிடமும் இருக்கும். வாழ்க்கையோடு மோதல், நிறுத்தினால் தவிப்பு, விட்டுவிட்டு மறுபடி விழுவது, இவைதான் அடிமைத்தனத்தின் பக்கம் நிற்பவை. மதிப்பெண் கூட்டும்போது இரண்டு வகைக்கும் ஒரே எடை கொடுத்தால், ஆசையாக ஆடுகிறவனும் அழிகிறவனும் ஒரே எண்ணில் வந்து நிற்பார்கள்.

பிரிட்டனில் சில உளவியலாளர்கள் இன்னொன்று செய்தார்கள். சமூக ஊடக அடிமைத்தனத்தை அளக்கும் இதே மாதிரிக் கேள்விகளை எடுத்து, சமூக ஊடகம் என்ற இடத்தில் ‘நேரில் பழகும் நண்பர்கள்’ என்று போட்டார்கள். நண்பர்களைப் பற்றி அடிக்கடி நினைக்கிறாயா, கவலையை மறக்க அவர்களிடம் போகிறாயா என்கிற மாதிரி. 807 பேரில் 69 சதவீதம் ‘நண்பர் அடிமைகள்’ என்று வந்தது. புள்ளியியல் சோதனைகளிலும் அந்தத் தாள் நன்றாகவே தேறியது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கணக்குப்பிள்ளை · திங்கள் இரவு 9:30

குறிஞ்சிப்பூ தொட்டதுதான் முடிச்சு. கேள்வித்தாளைப் பற்றிய கட்டுரைகளில் ‘நம்பகத்தன்மை 0.9’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்கிற எண். ஒரே கேள்வியை ஒன்பது விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டாலும் அந்த எண் உயரும். சரியான பொருளை அளக்கிறதா என்பது ஏற்புடைமை. அது வேறு சங்கதி. தட்டுக்கு அடியில் புளியை ஒட்டிவைத்த தராசு தினமும் ஒரே எடையைத்தான் காட்டும். நம்பகம் பிரமாதம். எடைதான் தப்பு.

இன்னொரு நம்பகம், காலம் கடந்தும் அதே பதில் வருகிறதா என்பது. 2017-ல் வைன்ஸ்டைன், ஷிபில்ஸ்கி, முராயாமா மூவரும் அமெரிக்காவில் 5,777 பேரிடம் ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை கேட்டார்கள். முதல் முறை கோட்டைத் தாண்டியவர்களில் ஒருவர்கூட இரண்டாம் முறை தாண்டவில்லை. தாண்டியவர்கள் சின்ன எண்ணிக்கைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஆறு மாதத்தில் தானாகக் கரைந்த ஒன்றுக்கு எட்டாம் வகுப்பில் முத்திரை குத்தலாமா?

உலக அளவுக் கணக்கும் இப்படித்தான் ஆடுகிறது. ஷிபில்ஸ்கி குழு அதே வருடம் நான்கு நாடுகளில் 18,932 பேரைக் கேட்டு 0.3 முதல் 1 சதவீதம் என்றது. 2021-ல் ஸ்டீவன்ஸ் குழு 17 நாடுகளின் 53 ஆய்வுகளைத் தொகுத்து 3.05 சதவீதம் என்றது. மாதிரி எடுப்பில் கறாராக இருந்த ஆய்வுகளை மட்டும் வைத்தால் 1.96. அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெரிய காரணம் எந்தக் கேள்வித்தாள் என்பதே. 2020-ல் கிங் குழு எண்ணியபோது 320 ஆய்வுகளில் 32 வகைத் தாள் புழக்கத்தில் இருந்தது. ஒன்றுமே மற்றவற்றை விடத் தெளிவாக மேல் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

ஆற்றுப்படுத்துநர் · திங்கள் இரவு 10:10

கூடுதலாக ஒன்று. 2021-ல் 29 நிபுணர்களிடம் சுற்றுச் சுற்றாகக் கருத்துக் கேட்ட ஓர் ஆய்வு வந்தது. நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவது, கவலையை மறக்க ஆடுவது, இந்த இரண்டும் சாதாரண ஆட்டத்தையும் நோயையும் பிரிக்க உதவாது என்பது அவர்கள் எண்ணம். முல்லைக்கொடி அம்மா, பையன் தாத்தாவை நினைத்து 4 போட்ட கேள்வி அந்த இரண்டில் ஒன்று.

நாளைக்கு ஆலோசகரிடம் 29-ஐப் பற்றி வாதாட வேண்டாம். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, நிறுத்தச் சொன்னால் என்ன ஆகிறது, முன்பு ஆசைப்பட்டதில் இப்போது எதை விட்டிருக்கிறான், எத்தனை மாதமாக. இவற்றைச் சொல்லுங்கள். தாத்தாவைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். அது கேமை விடப் பெரிய விஷயமாக இருக்கலாம்.

முல்லைக்கொடி · செவ்வாய் இரவு 9:15

போய் வந்தேன். எல்லாருக்கும் நன்றி.

ஆலோசகர் சின்ன வயதுப் பெண். 20 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பயிற்சியில் கொடுத்த தாளில் இருந்தது, அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்று நேராகச் சொன்னார். அதனாலேயே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனோடு நாற்பது நிமிடம் பேசினார்.

கேமைப் பற்றி ஐந்து நிமிடம்தானாம். மிச்ச நேரம் தாத்தா. காரியத்தன்று எல்லாரும் அழுதபோது தனக்கு அழுகை வரவில்லை, அதனால் தனக்கு ஏதோ கோளாறு என்று ஐந்து மாதமாக மனசுக்குள் வைத்திருந்திருக்கிறான். எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில்தான் இருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போன் ஹாலில் இருக்க வேண்டும் என்று அவனே ஒத்துக்கொண்டான். அவன் அப்பாவிடமும் பேசியாயிற்று, அது தனிக் கதை. பள்ளிக் கோப்பில் அந்தச் சீட்டு அப்படியே இருக்கிறது. எடுக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை.

பட்டறிவு · செவ்வாய் இரவு 10:00

எங்கள் பள்ளிச் சீட்டில் உள்ள வாசகத்தை மாற்றச் சொல்லித் தலைமையாசிரியரிடம் இன்று பேசினேன். அடுத்த பருவத்திலிருந்து பார்க்கலாம் என்றார். எண்ணை வீட்டுக்கு அனுப்பாமல் ஆலோசகரிடம் மட்டும் கொடுப்பது என்று கேட்டிருக்கிறேன். நிகண்டு மேடம், உங்களுடைய ‘மறைத்திருக்கிறாயா’ வடிவம் கிடைக்குமா? தினமும் ஆடுகிற பிள்ளை எந்தக் கட்டத்தில் போட வேண்டும் என்பதையும் எழுதி அனுப்பினால் நல்லது.

நிகண்டு · செவ்வாய் இரவு 10:20

அனுப்புகிறேன் சார். கட்டங்களை ‘வாரத்தில் எத்தனை நாள்’ என்று மாற்றிப் பார்த்த ஒரு வடிவமும் இருக்கிறது. ஆனால் அது முன்னோட்ட அளவில்தான் நின்றது, அதை வைத்து யாருக்கும் மதிப்பெண் போட்டுவிடாதீர்கள்.

வடகரை · புதன் காலை 6:30

தம்பிக்கு வெள்ளிக்கிழமை அடுத்த சந்திப்பு. இப்போது காலேஜ் போகிறான், ஒரு பேப்பர் மட்டும் அரியர். இந்த முறை அங்கே தாள் நீட்டினால் அம்மாவிடமும் ஒன்று கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன்.